குடிக்காதே என்றவர்கள் கொடுத்த தண்ணீர்

ஆம்பூர்ப் பக்கம் "பாண்டிக்குப் போறேன்" என்று யாராவது சொன்னால், கேட்பவர் லேசாகச் சிரிப்பார். எதற்கு என்று கேட்க மாட்டார். நானும் அப்படி ஒரு வேனில்தான் போனேன். ஷூ கம்பெனியில் வேலை பார்க்கும் நண்பர்கள் நாலு பேர், சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் கிளம்பி, வேலூர், ஆரணி, வந்தவாசி, திண்டிவனம் வழியாக ராத்திரி போய்ச் சேர்ந்தோம். நான் குடிப்பதில்லை. பழைய கட்டடம், கல்வெட்டு என்று அலைகிற ஆள். "இவனால செலவே இல்ல" என்றுதான் என்னைச் சேர்த்துக்கொள்வார்கள்.

மறுநாள் காலை எல்லாரும் தூங்கிக்கொண்டிருக்க, நான் மட்டும் கடற்கரை வரை நடந்துவிட்டு, ஆளுநர் மாளிகைக்கு எதிரே இருக்கும் பாரதி பூங்காவுக்குள் போய் உட்கார்ந்தேன். பூங்காவின் நடுவில் வெள்ளை வெளேரென்று ஒரு மண்டபம். கிரேக்க, ரோமானிய பாணியில் தூண்களும் வளைவுகளும். பக்கத்து பெஞ்சில் இருந்த பெரியவரிடம் என்னவென்று கேட்டேன். "ஆயி மண்டபம் தம்பி. தண்ணிக்காகக் கட்டினது" என்றார்.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முந்தின ராத்திரி முழுக்க அறையில் அதே 'தண்ணி' என்ற சொல்லைத்தான் வேறு அர்த்தத்தில் கேட்டுக்கொண்டிருந்தேன். தமிழில் நாம் மதுவுக்கும் தண்ணி என்கிறோம், குடிநீருக்கும் தண்ணி என்கிறோம். இந்த இரண்டு தண்ணிக்கும் இடையில் நிஜமாகவே ஒரு வரலாறு இருக்கிறது என்று ஊருக்கு வந்து படிக்க ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. அது லண்டனில் தொடங்கி, பாண்டிச்சேரி வழியாக, எங்கள் பாலாற்று மணலில் வந்து முடிகிறது.

மதுக்கடைக்கு எதிரே ஒரு குழாய்

19-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் மதுவிலக்கு இயக்கங்கள் பெரிதாக வளர்ந்தன. அவர்கள் செய்த வேலைகளில் ஒன்று, ஊர் நடுவில் குடிநீரூற்று கட்டுவது. கல் மேடை, ஒரு குழாய், சங்கிலியில் கட்டிய குவளை. பல இடங்களில் மேலே ஒரு சிலையும் இருக்கும். மதுவிலக்கு நீரூற்று என்று இவற்றைச் சொல்லலாம். சின்னச் சின்ன கடலோர ஊர்களில்கூட இன்றும் இவற்றில் சில நிற்கின்றன.

மது வேண்டாம் என்று சொல்ல எதற்குக் குழாய்? அன்றைய லண்டன் தண்ணீரைப் பார்த்தால் புரியும். ஊர்ச் சாக்கடை எல்லாம் தேம்ஸ் ஆற்றில் விழுந்தது. அதே ஆற்றுத் தண்ணீரைத்தான் பல கம்பெனிகள் வீடுகளுக்கு விற்றன. 1854-இல் சோஹோ பகுதியில் காலரா பரவியபோது, பிராட் தெருவில் இருந்த ஓர் அடிபம்பைச் சுற்றித்தான் சாவுகள் குவிந்திருப்பதை ஜான் ஸ்நோ என்ற மருத்துவர் காட்டினார். 1858 கோடையில் ஆற்றின் நாற்றம் தாங்காமல் பாராளுமன்றமே திணறியது. இந்த நிலையில் ஒரு கூலித் தொழிலாளி தாகத்துக்கு எங்கே போவான்? மதுக்கடைக்குத்தான். பீர் காய்ச்சும்போது தண்ணீர் கொதிக்கிறது. ஆகவே தண்ணீரைவிட பீர் பயமில்லாதது. குடியைப் பற்றி உபதேசம் செய்ய வந்தவர்களிடம் அவன் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்றுதான்: "சரிங்க, வேற என்னத்தக் குடிக்கிறது?"

அதற்கான பதிலாக 1859 ஏப்ரல் 21 அன்று, லண்டன் ஹோல்பார்ன் பகுதியில் செயின்ட் செபல்கர் தேவாலயச் சுவரில் முதல் இலவசக் குடிநீரூற்று திறக்கப்பட்டது. சாமுவேல் கர்னி என்ற பாராளுமன்ற உறுப்பினர் தொடங்கிய சங்கம் கட்டியது. ஒரு நாளைக்கு 7,000 பேர் வரை அதில் குடித்ததாகச் சொல்வார்கள். அடுத்தடுத்து ஊற்றுகள் எழுந்தன. வேண்டுமென்றே மதுக்கடைகளுக்கு அருகில் பல ஊற்றுகளை வைத்தார்கள். பிறகு அதே சங்கம் மாடு, குதிரைகளுக்கும் தொட்டி கட்ட ஆரம்பித்தது.

இந்த வேலையில் நம் நாட்டுக்காரர்களின் பணமும் உண்டு. லண்டன் ரீஜென்ட்ஸ் பூங்காவில் 1869-இல் திறந்த நீரூற்று, பம்பாய்ப் பார்சி வணிகர் கவாஸ்ஜி ஜஹாங்கீர் ரெடிமணி கொடுத்தது. அதற்கு முன்பே, 1864-இல், ஆக்ஸ்ஃபோர்டுஷயரின் ஸ்டோக் ரோ என்ற கிராமத்துக்குக் காசி மகாராஜா ஒரு கிணறு வெட்டிக் கொடுத்தார். ஆழம் 368 அடி. வீட்டில் இருந்த கடைசித் தண்ணீரைக் குடித்துவிட்டதற்காக அங்கே ஒரு சிறுவன் அடி வாங்கிய கதையை, காசியில் அதிகாரியாக இருந்த எட்வர்ட் ரீட் மகாராஜாவிடம் சொல்லியிருக்கிறார். தண்ணீர்க் கஷ்டம் என்றால் என்னவென்று மகாராஜாவுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

சிலைகள் ஏன் விழுந்தன?

அமெரிக்காவில் இந்த வேலையைப் பெண்கள் கையில் எடுத்தார்கள். 1873 குளிர்காலத்தில் ஒஹாயோ மாகாணத்தின் சிற்றூர்களில் பெண்கள் மதுக்கடை வாசலில் மண்டியிட்டுப் பிரார்த்தனை செய்தார்கள். மறு வருஷம் கிறிஸ்தவப் பெண்கள் மதுவிலக்குச் சங்கம் உருவானது. அந்தந்த ஊரில் குடிநீரூற்று கட்டுங்கள் என்பது கிளைகளுக்குச் சொல்லப்பட்ட வேலைகளில் ஒன்று. சம்பளத்தைக் குடித்துவிட்டு வருகிற கணவன், அடுப்பு எரியாத வீடு: அவர்கள் போராட்டத்துக்கான காரணம் நமக்கு அந்நியமானது இல்லை.

இன்னொரு பக்கம் ஹென்றி காக்ஸ்வெல் என்ற பல் மருத்துவர். தங்க வேட்டைக் காலத்தில் சான் ஃபிரான்சிஸ்கோவுக்குப் போய்ப் பெரும் பணம் சேர்த்தவர். நூறு மதுக்கடைக்கு ஒரு நீரூற்று என்பது அவர் கனவு. தன் செலவில் பல நகரங்களுக்கு நீரூற்றுகளை அனுப்பினார். நியூயார்க்கின் டாம்ப்கின்ஸ் சதுக்கத்தில் இருக்கும் அவருடைய ஊற்றின் உச்சியில் ஹீபி என்ற கிரேக்க தேவதை நிற்கிறாள். கதைப்படி ஹீபியின் வேலையே தேவர்களுக்குப் பானம் ஊற்றிக் கொடுப்பது! வாஷிங்டனில் இருக்கும் ஊற்றின் கூரையைச் சுற்றி நம்பிக்கை, அன்பு, மதுவிலக்கு போன்ற சொற்களைப் பொறித்து, உச்சியில் ஒரு கொக்கை நிறுத்தினார்.

சில ஊர்களுக்கு அவர் அனுப்பியது தன்னுடைய சிலையையே. கையில் தண்ணீர்க் குவளையை நீட்டிக்கொண்டு நிற்கும் காக்ஸ்வெல். மக்களுக்கு அது சுத்தமாகப் பிடிக்கவில்லை. கனெக்டிகட்டின் ராக்வில் ஊரில் 1885-இல் ராத்திரியோடு ராத்திரியாக அதைப் பெயர்த்து ஏரியில் போட்டுவிட்டார்கள். சான் ஃபிரான்சிஸ்கோவில் 1894 புத்தாண்டை ஒட்டி ஒரு கூட்டம் அவர் சிலையைக் கயிறு கட்டி இழுத்துத் தள்ளியது. அந்தக் கூட்டத்தில் இருந்ததாக எழுத்தாளர் ஜெலட் பர்ஜஸுக்குப் பல்கலைக்கழக வேலையே போயிற்று.

தண்ணீர் கொடுத்தவரை ஏன் இப்படி வெறுத்தார்கள்? என் அனுமானம் இதுதான். அந்தச் சிலை தாகத்தோடு வருகிறவனுக்குத் தண்ணீர் கொடுத்த கையோடு, "நான் நல்லவன், நீ குடிகாரன்" என்றும் சொல்லிக்கொண்டிருந்தது.

தன் வீட்டை இடித்தவள்

இப்போது பாண்டிச்சேரிக்குத் திரும்புவோம். கடலோர ஊர்களின் பெரிய சிக்கல் நல்ல தண்ணீர். பாண்டிச்சேரியில் கடலை ஒட்டிய பிரெஞ்சுக்காரர் பகுதிக்கும் அதே சிக்கல் இருந்தது. சில கிலோமீட்டர் மேற்கே முத்திரப்பாளையத்தில் இனிப்பான ஊற்றுத் தண்ணீர் இருந்தது. மூன்றாம் நெப்போலியன் காலத்தில், அதாவது 1852-க்கும் 1870-க்கும் இடையில், அந்தத் தண்ணீரை நகரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அந்த நினைவாக எழுந்ததுதான் பூங்கா நடுவில் நிற்கும் மண்டபம்.

முத்திரப்பாளையத்துக் குளம் எப்படி வந்தது என்பதற்கு மக்கள் ஒரு கதை சொல்கிறார்கள். விஜயநகர மன்னர் கிருஷ்ணதேவராயர் அந்தப் பக்கம் வந்தபோது, விளக்குகளால் ஜொலித்த ஒரு மாளிகையைப் பார்த்துக் கோயில் என்று நினைத்துக் கைகூப்பி வணங்கிவிட்டார். அது ஆயி என்ற தாசியின் வீடு என்று பிறகு தெரிந்ததும் அவமானம் தாங்காமல் அதை இடிக்க உத்தரவிட்டார். ஆயி அழுது மன்றாடி, தானே இடித்துவிட்டு அந்த இடத்தில் ஊருக்குக் குளம் வெட்ட அனுமதி வாங்கினாள். பல தலைமுறை கழித்துப் பிரெஞ்சு நகரத்தின் தாகத்தைத் தீர்த்தது அந்தக் குளத்துத் தண்ணீர்தான் என்று கேள்விப்பட்ட நெப்போலியன், மண்டபத்துக்கு அவள் பெயரை வைக்கச் சொன்னாராம்.

இதில் எது வரலாறு, எது கதை என்று பிரித்துக்கொண்டிருக்க நான் விரும்பவில்லை. ஊர் மக்கள் இந்தக் கதையை விடாமல் வைத்திருக்கிறார்கள் என்பதே ஒரு தகவல். காக்ஸ்வெல் கதையில் ஒழுக்கசாலி ஒருவர் தன் சிலையை வைத்துத் தண்ணீர் கொடுத்தார். ஊர் அதை ஏரியில் போட்டது. இங்கே ஒழுக்கம் கெட்டவள் என்று மன்னர் முத்திரை குத்திய பெண் தன் வீட்டையே இடித்துத் தண்ணீர் கொடுத்தாள். ஊர் அவள் பெயரை மண்டபத்துக்கு வைத்தது. வரி குறைவு என்பதால் நம் ஆட்கள் மலிவான சரக்கு தேடிப் போகும் ஊரின் நடுவில், குடிநீருக்காக நிற்கிறது அந்த மண்டபம்.

நம் மரபிலும் இதற்கு ஒரு பழைய முன்மாதிரி உண்டு. பெரிய புராணத்தில் வரும் அப்பூதி அடிகள், திங்களூரில் வழிப்போக்கர்களுக்குத் தண்ணீர்ப் பந்தல் வைத்தார். அதற்குத் தன் பெயரை வைக்கவில்லை. தான் நேரில் பார்த்திராத திருநாவுக்கரசர் பெயரை வைத்தார். அந்த வழியாக நடந்து வந்த அப்பரே தன் பெயரைப் பார்த்துத் திகைத்து நின்றார் என்பது கதை. பந்தலில் தண்ணீர் குடிக்க வருகிறவரை நீ யார், எப்படிப்பட்டவன் என்று கேட்கும் வழக்கம் அந்தக் கதையில் இல்லை.

கதையில்தான் இல்லை. நிஜத்தில் இருந்தது. ஊர்க் கிணற்றில் யார் வாளி விடலாம், யார் விடக்கூடாது என்ற கணக்கு ஒவ்வொரு கிராமத்திலும் இருந்தது. பொதுக்குளத்தில் ஒரு கை தண்ணீர் அள்ளிக் குடிப்பதையே ஒரு போராட்டமாக 1927-இல் மகாடில் அம்பேத்கர் நடத்த வேண்டியிருந்தது. எங்கள் பக்கத்து வரலாற்றைப் பேசும்போது இதை மறந்துவிடக் கூடாது. ஏனென்றால் டேனரிகளில் தோலை அலசிய கைகளில் பெரும்பாலானவை, கிணற்றில் வாளி விடக்கூடாது என்று சொல்லப்பட்டவர்களின் கைகள்.

எங்கள் பக்கம் வந்த மதுவிலக்கு

எங்கள் தாத்தா அப்படிப்பட்ட ஒருவர். ஆம்பூரில் ஒரு டேனரியில் சுண்ணாம்புத் தொட்டியில் நின்றவர். உப்புப் போட்டு வரும் பச்சைத் தோலை ஊறவைத்து, சுண்ணாம்பில் போட்டு முடி எடுத்து, கறி சுரண்டி, பிறகு ஆவாரம்பட்டைச் சாற்றில் போட வேண்டும். அந்த நாற்றத்தில் முழுப் பகலும் நிற்க முடியாது என்று எல்லாருக்கும் தெரியும். "குடிக்காம தொட்டில எறங்க முடியாதுடா" என்பாராம். அவர் குடிக்குச் சொன்ன காரணம் அது. எங்க ஆயா அதை ஏற்றுக்கொண்டதே இல்லை. (வட ஆற்காட்டில் பாட்டியை ஆயா என்போம். பாண்டியில் அந்தப் பெரியவர் 'ஆயி' என்றபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது எங்க ஆயாதான்.)

மதுவிலக்கைப் பற்றிப் பேசும்போது வேலூருக்கு ஒரு சின்ன இடம் உண்டு. ஒத்துழையாமை இயக்கத்தில் கைதாகி, 1921 டிசம்பரிலிருந்து மூன்று மாதம் ராஜாஜி இருந்தது வேலூர்ச் சிறையில்தான். அவருடைய சிறை நாட்குறிப்பு அங்கே எழுதப்பட்டது. அதன் பிறகு திருச்செங்கோட்டில் காந்தி ஆசிரமம் தொடங்கி, 1929-இல் மதுவிலக்குக்காகவே 'விமோசனம்' என்ற பத்திரிகையை நடத்தினார். அதில் அவருக்கு உதவியாக இருந்தவர் கல்கி.

1937-இல் சென்னை மாகாணப் பிரதமரானதும், அக்டோபர் 1 அன்று சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைக் கொண்டுவந்தார். 1938-இல் சித்தூர், கடப்பை. 1939 அக்டோபர் 1 அன்று எங்கள் வட ஆற்காடு. கள்ளுக்கடை ஏலத்தில் வந்த வருமானம் போனதால் அதை ஈடுகட்ட அதே 1939-இல் விற்பனை வரி கொண்டுவரப்பட்டது. நாம் இன்று கடையில் கட்டும் வரியின் பூர்வீகத்தில் கள்ளுக்கும் பங்கு உண்டு. வட ஆற்காட்டில் சட்டம் வந்த அதே மாதக் கடைசியில், போர்ப் பிரச்சினையில் ராஜாஜி அமைச்சரவை ராஜினாமா செய்துவிட்டது. போர்க்காலத்தில் ஆளுநர் ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. 1946-இல் மறுபடி தொடங்கி, 1948-இல் மாகாணம் முழுவதும் வந்தது. 1971-இல் கலைஞர் அரசு அதைத் தளர்த்தியபோது, 92 வயதில் ராஜாஜி நேரில் போய் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். நடக்கவில்லை. சில வருஷத்தில் மறுபடி மூடினார்கள், பிறகு மறுபடி திறந்தார்கள். 1983-இல் எம்ஜிஆர் ஆட்சியில் டாஸ்மாக் தொடங்கியது. 2003-இலிருந்து சில்லறை விற்பனையும் அதன் கையில்.

மதுவிலக்கு இருந்த காலத்தைப் பற்றி ஆயாவிடம் கேட்டால், அதுக்கு நல்ல நினைவுதான் இருந்தது. "சம்பளம் முழுசா வீடு வந்துச்சு" என்று சொல்லும். தாத்தா திருட்டுச் சாராயம் தேடிப் போன நாட்களும் உண்டு என்று உடனே சேர்த்துக்கொள்ளும். சட்டம் கடையை மூடியது. சுண்ணாம்புத் தொட்டியின் நாற்றத்தை அது ஒன்றும் செய்யவில்லை.

ஊத்து

லண்டன்காரன் கேட்ட கேள்வியை இப்போது எங்கள் ஊரில் கேட்டுப் பார்க்கலாம்: வேறு எதைக் குடிப்பது?

அந்தக் காலத்தில் அதற்கு ஒரு நல்ல பதில் எங்களிடம் இருந்தது. பாலாறு. கர்நாடகத்தில் நந்தி மலையில் தொடங்கி, அங்கே 93 கிலோமீட்டர், ஆந்திரத்தில் 33 கிலோமீட்டர், தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் ஓடி, கல்பாக்கம் பக்கம் வயலூரில் கடலில் சேர்கிற ஆறு. ஓடுகிறது என்று சொல்வது ஒரு மரியாதைக்குத்தான். வருஷத்தில் பெரும்பாலான நாட்கள் மேலே மணல்தான் தெரியும். தண்ணீர் மணலுக்கு அடியில் ஓடும். விவசாயிகள் அதை ஊற்றுக்கால் வெட்டி வயலுக்குக் கொண்டு போனார்கள். வீட்டுப் பெண்கள் மணலில் முழங்கை ஆழம் தோண்டினார்கள். சுற்றிலும் இருந்து தண்ணீர் சுரந்து வந்து நிற்கும். முதலில் கலங்கலாக வருவதை இறைத்து ஊற்றிவிட்டு, தெளிந்ததும் கொட்டாங்கச்சியால் மொண்டு குடத்தில் ஊற்ற வேண்டும்.

அதற்குப் பெயர் ஊத்து. எழுத்தில் ஊற்று. பூங்காவில் சிலை வைத்துக் கட்டுவதற்கும் நாம் நீரூற்று என்றுதான் சொல்கிறோம்.

"கெணத்தாண்ட நம்மள விடமாட்டாங்க. ஆத்துல தோண்டினா அது நம்ம ஊத்து" என்று ஆயா சொல்லும். யாருடைய தயவும் தேவைப்படாத தண்ணீர் அவர்களுக்கு அது ஒன்றுதான்.

தோல் தொழில் இந்தப் பக்கம் வளர்ந்ததற்கும் இந்தத் தண்ணீர் ஒரு காரணம். முன்பு ஆவாரம்பட்டை, கடுக்காய் போட்டுப் பாதி பதனிட்ட தோலை வெளிநாட்டுக்கு அனுப்பினார்கள். 1972-இல் சீதாராமையா குழு, பாதித் தோலாக அனுப்பாமல் முழுசாக முடித்த தோலாக, செருப்பாக, ஷூவாக அனுப்பினால் அந்நியச் செலாவணி கூடும் என்று பரிந்துரைத்தது. அரசு ஏற்றுக்கொண்டது. வேலை பெருகியது, ஊர் வளர்ந்தது. எங்கள் குடும்பம் உட்பட எத்தனையோ குடும்பங்கள் அதில்தான் படித்து மேலே வந்தன. கூடவே குரோம் பதனிடுதல் பரவியது. ஒரு கிலோ தோலுக்குச் சுமார் 35 லிட்டர் தண்ணீர் செலவாகிறது. உள்ளே போவது நல்ல தண்ணீர். வெளியே வருவது உப்பும் குரோமியமும் கலந்த கழிவு. பல வருஷம் அது நேராக ஓடைக்கும் ஏரிக்கும் பாலாற்றுக்கும் போனது. மேலே தண்ணீர் இல்லாத ஆறு என்பதால் அடித்துக்கொண்டு போகவும் வழி இல்லை. மணலுக்குள் இறங்கி, ஊத்து சுரந்த அதே அடிநீரில் கலந்தது.

1991-இல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது. 1996 ஆகஸ்ட் 28 அன்று நீதிபதி குல்தீப் சிங் தலைமையிலான அமர்வு தீர்ப்பு சொன்னது. தோல் தொழில் நடக்கும் பகுதிகளில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுசாகவோ பயிருக்கு உதவாமல் போயிருந்தது என்று அதில் வருகிறது. மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை இந்தியச் சட்டத்தின் ஒரு பகுதி என்று அறிவித்த தீர்ப்பு அது. சட்டம் படிக்கும் மாணவர்கள் எல்லாருக்கும் அந்த வழக்கின் பெயரால் 'வேலூர்' தெரியும்.

எனக்கு அந்தத் தீர்ப்பில் கண்ணில் பட்டது வேறு ஒன்று. நீதிமன்றம் அரசியலமைப்பின் 47-ஆவது பிரிவையும் அதில் எடுத்துக் காட்டுகிறது. அந்தப் பிரிவு மக்களின் ஊட்டத்தையும் வாழ்க்கைத் தரத்தையும் பொதுச் சுகாதாரத்தையும் உயர்த்துவது அரசின் தலையாய கடமை என்கிறது. அதே மூச்சில், மதுவிலக்கைக் கொண்டுவர அரசு முயல வேண்டும் என்கிறது. மதுவிலக்கு மேடைகளில் எல்லாரும் மேற்கோள் காட்டும் பிரிவு அது. அரசியல் நிர்ணய சபையில் இதற்கு எதிர்ப்பும் இருந்தது. ஆதிவாசிகளின் சடங்கிலும் உழைப்பிலும் அரிசிக் கள்ளுக்கு இருக்கும் இடத்தைச் சொல்லி ஜெய்பால் சிங் வாதாடினார். அதையும் தாண்டி அந்த வரி நிலைத்தது.

நாம் மேடையில் ஞாபகம் வைத்திருப்பது அந்தப் பிரிவின் பின்பாதி. வேலூர் வழக்கில் நீதிமன்றத்துக்குத் தேவைப்பட்டது முன்பாதி. ஹோல்பார்ன் சுவரில் குழாய் வைத்தவர்களுக்கு இரண்டும் ஒரே வேலையாகத் தெரிந்தது. சங்கிலியில் குவளையைக் கட்டிவிட்டுத்தான் "மதுக்கடைக்குப் போகாதே" என்றார்கள். எங்கள் பக்கத்தில் முதலில் சட்டம் வந்தது, போனது, மறுபடி வந்தது, மறுபடி போனது. அது வந்து போய்க்கொண்டிருந்த அதே காலத்தில், ஏற்கெனவே இருந்த நல்ல தண்ணீரையும் இழந்துவிட்டோம்.

தீர்ப்புக்குப் பிறகு பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. நஷ்ட ஈட்டைக் கணக்கிட ஆணையம் வந்தது. வேலை நடந்தது, முடியவில்லை. 2025 ஜனவரி 30 அன்று உச்ச நீதிமன்றம் இதே வேலூர் தோல் கழிவு விவகாரத்தில் மறுபடி ஒரு தீர்ப்பு சொல்லி, பாதிக்கப்பட்டவர்களுக்கு நிற்கும் நஷ்ட ஈட்டைக் கொடுக்கவும், ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையில் குழு அமைக்கவும் உத்தரவிட வேண்டியிருந்தது. முதல் தீர்ப்புக்கும் இதற்கும் நடுவில் 28 வருஷம். அதற்குள் ஆம்பூர் வேலூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து திருப்பத்தூர் மாவட்டத்துக்கே போய்விட்டது.

இன்று எங்கள் பக்கத்து ஊர்களுக்குக் குடிக்க மேட்டூரிலிருந்து காவிரித் தண்ணீர் குழாயில் வருகிறது. பாலாற்றங்கரை ஊர் காவிரியைக் குடிக்கிறது. அதோடு வீட்டுக்கு வீடு 20 லிட்டர் கேன்.

கொட்டாங்கச்சி

பாண்டியிலிருந்து திரும்பி வரும்போது வேனில் இதையெல்லாம் அரைகுறையாகச் சொன்னேன். தலைவலியோடு உட்கார்ந்திருந்த ஒருத்தன், "அப்ப ஆம்பூர்லயும் ஒரு ஊற்று கட்டலாம். யார் சிலை வைக்கிறது?" என்று கேட்டான். ராஜாஜி என்றார்கள், அம்பேத்கர் என்றார்கள், கடைசியில் பிரியாணி அண்டா என்று ஒருத்தன் சொல்லிச் சிரித்து முடித்தோம்.

ஊருக்கு வந்த பிறகு ஒரு நாள் சாயங்காலம், ஆயா ஊத்து தோண்டியதாகச் சொல்லும் இடத்துக்குப் போய்ப் பார்த்தேன். மணல் அள்ளி அள்ளிப் பள்ளமாகி, சீமைக்கருவேலம் முளைத்துக் கிடக்கிறது. முழங்கை ஆழம் தோண்டிப் பார்க்கக்கூட அங்கே மணல் இல்லை.

ஆயா சொன்னதில் ஒரு விவரத்தை நான் அதுவரை கவனித்ததில்லை. குடம் நிறைந்ததும் கொட்டாங்கச்சியை வீட்டுக்கு எடுத்து வர மாட்டார்களாம். கழுவி, ஊத்து ஓரத்தில் மணலில் கவிழ்த்து வைத்துவிட்டு வருவார்கள். ஏன் என்று கேட்டேன்.

"பின்னாடி வர்றவங்க மொண்டு குடிக்கத்தான்" என்றது.